பொட்டுக்கு மேலே ஒரு பிக்கார்ட்

கிட்டார் திருத்தும் நம் கடையில், நான் உங்களிடம் விட்டுவந்த வேலை மேசைக்கு மேலே, சாவிகள் தொங்கும் ஆணிக்கு அடுத்த ஆணியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்று தொங்குகிறது. போன வாரம் நான் கடைக்கு வந்தபோது உங்களில் ஒருவர் அதைக் கழற்றித் தூசி தட்டி, இது எந்தக் கிட்டாருடையது, எறிந்துவிடலாமா என்று கேட்டார். எறிய வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கொழும்பின் காலி வீதியில் பஸ் வந்துவிட்டது. காரணத்தை எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஓடினேன். சொன்னபடி எழுதுகிறேன்.

அது ஒரு பேஸ் கிட்டாருக்கு வெட்டிய பிக்கார்ட். விரலுக்குப் பதிலாகப் பிக் என்ற சிறு வில்லையால் வாசிக்கும்போது கை மரத்தின் முகத்தைக் கீறாமல் இருக்க, கம்பிகளுக்குக் கீழே திருகாணி போட்டுப் பொருத்தும் தகடு. வாடிக்கையாளரும் வந்து அப்படித்தான் சொல்வார், கீறல் விழாமல் இருக்க வேண்டும் என்று. நம்பிவிடாதீர்கள். பேஸ் வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் விரலால் வாசிக்கிறவர்கள். விரல் மரத்தைக் கீறுவதில்லை. கீறலுக்குப் பயந்து பிக்கார்ட் போட வந்த பேஸ்காரரை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். மற்ற எல்லோரும் எதையோ மறைக்க வந்தவர்கள்.

தெஹிவளையிலிருந்து ஒருவர் வந்தார். காதலியின் பெயரைப் பேனாக்கத்தியால் செதுக்கியிருந்தார். இப்போது வேறொருவரைக் கலியாணம் செய்யப்போகிறார். வங்கியில் வேலை செய்யும் ஒருவர் கிட்டாரை மேசையாகப் பாவித்து அதன்மேல் நுளம்பு விரட்டும் திரி கொளுத்தி வைத்தவர். திரி சுருள் சுருளாக எரிந்து முடிந்தபோது மரத்திலும் அதே சுருள் இருந்தது. மாளிகாவத்தையிலிருந்து வந்தவரின் தம்பி, புதிதாக வாங்கிய கவராயம் கூரா என்று அவருடைய கிட்டாரில் பார்த்திருந்தான்.

இவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தேன். மறைக்க விரும்புவது அவரவர் உரிமை. ஆனால் தகடு போட மரத்தில் துளை போட வேண்டும். துளையை அடைக்கலாம், மெழுகலாம், நிறம் பூசலாம். துளை போட்ட இடம் துளை போட்ட இடந்தான். அதனால் பிக்கார்ட் கேட்டு வருபவரிடம் தகட்டின் நிறத்தைப் பற்றிப் பேச்செடுக்குமுன் கிட்டாரை முழுதாக உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

இந்தத் தகட்டுக்குக் காரணமான தர்ஷன் ஒரு விஜயதசமி முடிந்த கிழமையில், புதன்கிழமை வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கிட்டார் உறைக்குள் இருந்தது. உறைக்குள்ளும் ஒரு படுக்கை விரிப்பால் சுற்றியிருந்தது.

“பிக்கார்ட் ஒண்டு போடவேணும் அக்கா. கறுப்பு. சனிக்கிழமைக்கு முன்னம்.”

விரிப்பை அவிழ்த்தேன். வெளிர் நிற மரம். வார்னிஷ் இல்லை, எண்ணெய் மட்டும் தேய்த்து விட்டது. அழகான கிட்டார். முகத்தில், கம்பிகளுக்குக் கீழே, உள்ளங்கையளவு சிவப்பு. சிவப்பைச் சுற்றி மஞ்சள். மஞ்சளைச் சுற்றி இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வெளிறல்.

இது என்ன என்று கேட்டேன். பொட்டு என்றார். கிட்டாருக்கா என்று கேட்டேன். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு வைத்ததாம். சந்தனமும் குங்குமமும். பூசை முடிந்து மூன்றாம் நாள் எடுத்தபோது மரம் குடித்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவில் நின்றிருக்கும். இவர் முதலில் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். போகவில்லை. பிறகு பாத்திரம் கழுவுகிற திரவம். பிறகு பற்பசை. கடைசியாகத் தமக்கையின் நகப்பூச்சு அகற்றும் திரவம். ஒவ்வொன்றும் கறையை மரத்துக்குள் இன்னும் கொஞ்சம் தூரம் அழைத்துச் சென்றிருந்தது. பொட்டாக ஆரம்பித்தது இப்போது காலிமுகத்திடல் கடலில் சூரியன் இறங்குகிற காட்சியாக இருந்தது. வார்னிஷ் இல்லாத மரத்தில் ஈரத்தை வைத்துத் தேய்க்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார். பிந்திவிட்டது.

பிறகு நான் சொன்னது இது: பிக்கார்ட் தேவையில்லை. மெல்லிய சாண்ட் பேப்பரால் மேல் மரத்தைக் கொஞ்சம் சுரண்டி, திரும்ப எண்ணெய் பூசிவிட்டால் கறை போய்விடும். அரை மணித்தியால வேலை. துளையும் இல்லை.

“வேண்டாம் அக்கா. பிக்கார்டே போடுங்கோ.”

“நீர் பிக்கால வாசிக்கிறனீரோ?”

“இல்லை. விரலால.”

“பிறகு என்னத்துக்கு?”

“சுரண்ட வேண்டாம் அக்கா.”

இந்த இடத்தைக் கவனியுங்கள். லேசான வேலையை ஒருவர் வேண்டாம் என்று சொல்லிக் கடினமான வேலையைக் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உடனே கேட்டால் சொல்லமாட்டார். கிட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு, தகட்டுக்கு அளவு எடுக்கிற பாவனையில் அவரைக் கதைக்க விட்டேன். துண்டு துண்டாக வந்தது.

அவருடைய அம்மா வெள்ளவத்தையில் கணக்கு டியூசன் எடுக்கிறவர். பெயரைச் சொன்னதும் எனக்கு விளங்கியது, என் அக்காவின் பிள்ளைகள் இருவரும் அவரிடம் படித்தவர்கள். இன்றைக்கும் அவர்கள் மீன்காரரிடம் கணக்குப் பார்க்கும்போது செய்த வழியைக் காட்டித்தான் விடை சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் மகன் கணக்காளர் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு பேஸ் வாசிக்கப் போனார். ஒரு வருடமாக அம்மா அந்தக் கிட்டாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘அந்தச் சாமான்’ என்றுதான் சொல்வாராம். மகனின் அறைக்குள் வருவதையும் நிறுத்திவிட்டார்.

தர்ஷன் வாசிப்பது கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு கலியாண பேண்டில். அதன் தலைவர் ஜெரோம் அங்கிள். கீபோர்ட் வாசிப்பவர். இசையில் ஒரு பிழை விட்டால் மன்னிப்பார், கால் சப்பாத்தில் தூசி இருந்தால் மன்னிக்கமாட்டார். ட்ரம் செட்டுக்கு விரிக்கிற துணியைக்கூட இஸ்திரி போட்டு விரிக்கிறவர் என்று தர்ஷன் சொன்னார். சனிக்கிழமை வத்தளையில் ஒரு பெரிய கலியாணம். கலியாண வீட்டுக்காரர், மேடையில் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பயிற்சியில் இந்தக் கறையைக் கண்ட ஜெரோம் அங்கிள், சனிக்கிழமைக்குள் கிட்டார் ஒழுங்காக இல்லாவிட்டால் பழைய பேஸ்காரர் மேடையில் நிற்பார் என்று சொல்லிவிட்டார். பழைய பேஸ்காரர் டோஹாவிலிருந்து வந்து சும்மா இருக்கிறார். அவர் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு இறங்கமாட்டார்.

பரீட்சையை விட்டு, வீட்டில் ஒரு வருடம் முகம் கொடுக்காமல் இருந்து பிடித்த இடம். அதுவும் போனால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று அவர் சொல்லவில்லை. கிட்டார் உறையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “அம்மாட்டச் சொல்லிப்போடாதைங்கோ. கம்பி மாத்தக் குடுத்ததெண்டு சொல்லியிருக்கிறன்.”

மறுநாள் காலையில் கடதாசியில் அச்சு வெட்டி, கறுப்புத் தகட்டில் வரைந்துகொண்டிருக்கும்போது ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அறுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். இஸ்திரி மடிப்புக் குலையாத சட்டை. கையில், கொக்கியில் மாட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட வெள்ளைக் கோட் ஒன்று. மீன் வாங்கப் போகும்போதும் அவர் அப்படித்தான் போவார் என்று நினைக்கிறேன்.

ஜெரோம் அங்கிள் தன்னை அறிமுகப்படுத்துமுன்பே கறுப்புத் தகட்டைக் கண்டுவிட்டார்.

“கறுப்பா? ஏன் மிஸ், நாங்க கல்யாணத்துக்கு வாசிக்கப் போறோமா, அடக்கத்துக்கா?”

வெள்ளைத் தகடுகளை எடுத்து வைத்தேன். கோட்டின் கையை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் வைத்து, திரும்ப உள்ளே வந்து வைத்துப் பார்த்தார். ஒன்றைப் பால் வெள்ளை என்றார். இன்னொன்றைப் பழைய பல் என்றார். கடைசியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேட்டார்: “இது போட்டா அந்த பீட்ரூட் கறை முழுசா மறைஞ்சிடும்தானே?”

எந்த பீட்ரூட் என்று நான் கேட்டேன்.

கிட்டாரைக் காட்டினார். நான் அது பொட்டு என்று சொன்னேன். இரகசியத்தை உடைத்ததாக நினைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்பதுதான் எனக்கு வைத்த நிபந்தனை. சரஸ்வதி பூசையில் அம்மா வைத்தது என்றும் சொன்னேன்.

அவர் பக்கத்திலிருந்த அம்பிளிபயரின் மேல், துடைக்காமலே, உட்கார்ந்துவிட்டார்.

“அனே, ஐயோ! எல்லாருக்கும் முன்னால ஏசிட்டேனே மிஸ். சோறு திங்கிற கையால கிட்டார் தொடாதடான்னு. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல்ல அவன்.”

 பிறகு திடீரென்று என் ட்ரில் பெட்டியைக் கண்டார். இதன்மேலேயா ஸ்க்ரூ போடப்போகிறீர்கள் என்று கேட்டார். ஓம், பிக்கார்ட் என்றால் அப்படித்தான் என்றேன். கூடவே கூடாது என்றார். அவருடைய கீபோர்ட் பெட்டிக்குள் புனித அந்தோனியார் படம் ஒட்டியிருக்கிறாராம். அதன்மேல் ஒருவன் ஆணி அடித்தால் தான் பார்த்துக்கொண்டிருப்பாரா? பூசையில் வைத்த பொருள் யாருடைய பூசையில் வைத்தாலும் வைத்ததுதான்.

“அப்ப பிக்கார்ட் வேண்டாமோ?”

“வேணும் மிஸ். கல்யாண வீட்டுக்காரங்க வெள்ளைன்னு சொல்லிட்டாங்களே.”

“துளை போடாமல் எப்படிப் போடுறது?”

“அது ஒங்க வேல.”

முச்சக்கரவண்டியில் ஏறி உட்கார்ந்து, கோட்டை மடியில் நேராக விரித்துவிட்டு, தலையை வெளியே நீட்டினார். தான் வந்துபோனது பையனுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

அன்று பிற்பகல் வெள்ளைத் தகட்டை வெட்டி, ஓரம் சீவி, தகட்டில் திருகாணித் துளைகளையும் போட்டு முடித்தேன். மரத்தைத் தொடவில்லை. கிட்டாரின் சொந்தக்காரர் சொன்னது ஒன்று, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் சொன்னது ஒன்று. சொந்தக்காரர் சொன்னதைத்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அந்த ‘சுரண்ட வேண்டாம் அக்கா’ எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. மரத்தில் துளை போடுவதை மறுநாளைக்கு வைத்தேன். சந்தேகம் இருக்கும்போது தகட்டில் வேலை செய்யுங்கள். தகட்டை இன்னொன்று வெட்டலாம்.

வெள்ளிக்கிழமை. கடதாசி அச்சை மரத்தின் முகத்தில் டேப் போட்டு ஒட்டி, இடங்களை ஊசியால் குறித்து, ட்ரில்லுக்கு மெல்லிய முனையைப் பூட்டிக் கையில் எடுத்துவிட்டேன். கதவு திறந்தது. பருத்திச் சேலை, விபூதி, நீளமான குடை.

“திருத்துற ஆள் இல்லையோ?”

“நான்தான்.”

என்னைப் பார்த்தார், ட்ரில்லைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “நல்லது” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சரி போட்டு விட்டதுபோல இருந்தது. யாரென்று அந்தக் கணமே விளங்கிவிட்டது.

தர்ஷனின் அம்மா என்று அவரும் சொன்னார். கம்பி மாற்ற மூன்று நாள் தேவையில்லை என்பது தனக்குத் தெரியும், தான் கணக்குப் படிப்பிக்கிறவர் என்றார். பிறகு கடதாசி ஒட்டிய கிட்டாரைக் கண்டார். கடதாசியின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்புத் தெரிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்ட ஆளைப் பார்க்க வந்தவர் மாதிரி அதன் பக்கத்தில் போய் நின்றார்.

“அதைச் சுரண்டி எடுக்கலாமோ?”

எடுக்கலாம் என்றேன். பொய் சொல்ல முடியாது.

“அப்ப எடுத்துவிடுங்கோ. அவனுக்கு நான் வந்தது தெரியவேண்டாம்.”

மூன்று நாளில் மூன்றாவது ஆள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். குசினியில் சமைக்கும்போது யன்னலால் பார்த்தாராம். பின்வளவில் குந்தியிருந்து மகன் அந்தப் பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். துணியை மாற்றி மாற்றி, பற்பசையும் போட்டுத் தேய்த்திருக்கிறார். சினேகிதருக்கு முன்னால் மகனுக்கு வெட்கமாக இருக்கும் என்றார். புத்தகத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு புள்ளி வைத்திருக்கலாம். தான் கை நிறைய எடுத்து வைத்துவிட்டார்.

“ஒரு வருசத்துக்கும் சேத்து வச்சிட்டன் போல.”

கிட்டார் மகனுடையது, அவரைக் கேட்காமல் மரத்தில் கை வைக்கமாட்டேன் என்று சொன்னேன். கம்பி மாற்றும்போது தானாக அழிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னார்.

“வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதினா நீங்கள் புள்ளி போடுவீங்களோ, டீச்சர்?”

அவர் பதில் சொல்லுமுன் வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். எனக்கு எல்லா மோட்டார் சைக்கிளும் ஒன்றுதான். அவருக்கு அப்படியில்லை. “அவன் வாறான்” என்றார். கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வெள்ளவத்தையில் எத்தனையோ பிள்ளைகள் யாருக்குப் பயந்து வாங்குப் பலகைக்குக் கீழே தலையைக் குனிந்தார்களோ, அவர் விற்பனைக்கு வைத்திருந்த ட்ரம் செட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். குடையையும் கொண்டுபோனார்.

தர்ஷன் உள்ளே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. “துளை போட்டாச்சோ அக்கா?”

இல்லை என்றேன். வெள்ளைத் தகட்டைக் கண்டு, கறுப்பல்லவா கேட்டேன் என்றார். வெள்ளை பொருந்தும் என்று மட்டும் சொன்னேன். போடுங்கோ அக்கா, நாளைக்குக் கலியாணம் என்றார்.

என் நிலையைப் பாருங்கள். ஒருவர் மூடச் சொல்கிறார், ஒருவர் சுரண்டச் சொல்கிறார், ஒருவர் தொடக்கூடாது என்கிறார். மூன்று பேரும் ஆளுக்கொரு வாக்குறுதி வாங்கியிருக்கிறார்கள். ஒன்றையும் மீற முடியாது. ட்ரில் கையில் இருக்கிறது, முனை குறித்த இடத்தில் இருக்கிறது, விசையை அழுத்தினால் முடிந்தது. ஆனால் யாரும் என்னிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. புதன்கிழமை கேட்டுப் பதில் வராத கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. அதை இப்போது, ட்ரம் செட் வரை கேட்கும்படி, உரத்த குரலில் கேட்டேன்.

“தம்பி, கடைசியா ஒருக்காக் கேக்கிறன். சுரண்டினா அரை மணித்தியாலம். துளை இல்லை, தகடு இல்லை, கறையும் இல்லை. ஏன் வேண்டாமெண்டுறீர்?”

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“அம்மா ஒரு வருசமா என்ர றூமுக்குள்ள வரேல்லை அக்கா. அண்டைக்கு வந்து, அவவே தூக்கிக்கொண்டு போய், படத்துக்கு முன்னால வச்சு, அவவே பொட்டும் வச்சவ. நான் கொஞ்சம் சின்னதாக்குவமெண்டுதான் தேய்ச்சனான். முழுக்க எடுக்க இல்லை. மூடினா உள்ளுக்க இருக்கும். சுரண்டினா இருக்காது.”

ட்ரம் செட்டிலிருந்து சிம்பல் தட்டு ஒன்று கணீரென்று அடித்தது. குடை பட்டிருக்க வேண்டும். அது நல்ல சிம்பல், அடங்க நேரம் எடுத்தது. 

டீச்சர் எழுந்து வந்தார். சேலையைச் சரிசெய்தார். மகனுக்கு முன்னால் வந்து நின்றார். கண் ஈரமாக இருந்தது, குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது.

“பல்லு விளக்கிற பேஸ்டை ஏனடா போட்டனீ?”

“அம்மா, நீங்கள் எப்ப வந்தனீங்கள்?”

“கம்பி மாத்த வந்தனான்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே பிரித்துத்தான் இருந்தன. என்ன கதைத்தார்கள் என்று எழுதமாட்டேன், அதிகம் கதைக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது இருவரும் மாறி நின்றார்கள். அம்மா இப்போது மூடச் சொன்னார், உள்ளே இருக்கும்தானே, நாளைக்கு உன் வேலை முக்கியம் என்று. மகன் இப்போது மூடமாட்டேன் என்றார், பழைய பேஸ்காரர் வாசித்தால் வாசிக்கட்டும் என்று. காலையில் சுரண்டச் சொன்னவரும் மூடச் சொன்னவரும், மத்தியானத்துக்குள் ஆளுக்கொரு புதுப் பக்கத்தில் நின்று சண்டை பிடிக்கிறார்கள். அன்பினால் பிடிக்கிற சண்டை, அதனால் எளிதில் முடியாது.

அப்போதுதான் ட்ரில்லைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் இவ்வளவு பேர் மனம் மாறக்கூடிய விடயத்தில், மாறாத ஒன்றை மரத்தில் செய்யக் கூடாது. இருவரிடமும் சொன்னேன்: நாளைக்கு மட்டும், இருபக்கமும் ஒட்டும் டேப்பால் தகட்டை ஒட்டித் தருகிறேன். திங்கட்கிழமை நிதானமாக யோசியுங்கள். திருகாணிகளின் வாலை வெட்டி, தலைகளை மட்டும் தகட்டின் துளைகளில் ஒட்டினேன். துளை வெறுமையாகத் தெரிந்தால் ஜெரோம் அங்கிள் உற்றுப் பார்ப்பார். எண்ணெய் பூசிய மரத்தில் டேப் பலமாகப் பிடிக்காது, மண்டபம் சூடானால் கழன்றுவிடலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். தற்காலிக வேலையைக் கொடுக்கும்போது அது தற்காலிகம் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கேட்காத மாதிரி இருந்தாலும் சொல்லுங்கள்.

அவர்கள் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடையைக் கையில் பிடித்தபடி டீச்சர் போனார்.

திங்கட்கிழமை தர்ஷன் வந்து நடந்ததைச் சொன்னார். சாப்பாடு முடியும்வரை தகடு நன்றாக இருந்ததாம். பைலா ஆட்டம் தொடங்கியதும் மண்டபத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், ஏசிக் குளிர் முழுக்க வெளியே போய்விட்டது. மாப்பிள்ளையின் மாமாமார் மேடைக்கு ஏறினார்கள். மூன்றாவது பாட்டில் தகட்டின் ஒரு மூலை எழும்பியது. பிறகு ஒரு பக்கம் தொங்கியது. பிறகு மேடையில் விழுந்தது. இவர் ஒரு சுரமும் தவறவிடாமல், காலால் அதை அம்பிளிபயருக்குப் பின்னால் தள்ளிவிட்டார். மண்டபம் முழுவதற்கும் முன்னால், முகத்தில் சூரியன் இறங்குகிற கிட்டாரோடு நின்றார்.

ஜெரோம் அங்கிள் சத்தம் கேட்டுத் திரும்பினார். பொட்டைக் கண்டார். கை தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருக்க, கண் மட்டும் மண்டபத்தை மேசை மேசையாகச் சுற்றி வந்தது. யார் முதலில் விரல் நீட்டப்போகிறார்கள் என்று தேடினாராம்.

யாரும் பார்க்கவில்லை. ஆடினவர்கள் ஆடினார்கள், சாப்பிட்டவர்கள் சாப்பிட்டார்கள். ஒரு மாமா தர்ஷனின் தோளில் கைபோட்டு நின்று ஒரு பாட்டு முழுவதும் பாடினார். அவரும் பார்க்கவில்லை. சில நாள் கழித்துக் கலியாண வீடியோ வந்தபோது இன்னும் தெளிவானது. பாடகி இருக்கிறார், ட்ரம் இருக்கிறது, ஜெரோம் அங்கிளின் கோட் எல்லாக் கோணத்திலும் இருக்கிறது. பேஸ் வாசித்தவரின் வலது முழங்கை இருக்கிறது. சில இடங்களில் அதுவும் இல்லை.

அந்த வீடியோவை டீச்சர் கைபேசியில் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாராம். முழங்கை வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த முழங்கைக்கோ நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல் இருந்தனான்?”

டோஹாக்காரர் மேடையேறவில்லை. அடுத்த பயிற்சியில் ஜெரோம் அங்கிள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, ‘அது பீட்ரூட் இல்ல’ என்று அறிவித்தார்.  உடனே வாசிக்கத் தொடங்கிவிட்டார். தகட்டைக் கழற்றியது அந்தோனியார்தான் என்று அவர் உறுதியாக நம்புவதாகத் தர்ஷன் சொன்னார். டேப் என்று நான் திருத்தவில்லை.

தகட்டைத் தர்ஷன் என்னிடமே தந்துவிட்டார். சப்பாத்துத் தடத்தோடு. அதைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு பிக்கார்ட் கேட்டு யாராவது வந்து, லேசான வழியை வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், தலையை நிமிர்த்தி அதை ஒருமுறை பார்ப்பேன். பார்த்துவிட்டு ஏன் என்று கேட்பேன். பதில் வரவில்லையென்றால் மறுநாள் வரச் சொல்வேன். நீங்களும் அதற்குத்தான் அதைப் பாவிக்க வேண்டும், அதனால்தான் எறிய வேண்டாம் என்றேன். உற்றுப் பார்த்தால் திருகாணித் தலைகள் உதிர்ந்த துளைகள் தகட்டில் தெரியும். அந்தக் கிட்டாரில் ஒன்றும் இல்லை.

அடுத்த நவராத்திரி கழிந்த கிழமையில், நான் மேசையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, தர்ஷன் திரும்ப வந்தார். அதே கிட்டார், இம்முறை படுக்கை விரிப்பு இல்லாமல். பழைய சூரியன் அப்படியே இருந்தது, கொஞ்சம் மங்கி. அதற்குப் பக்கத்தில் பயறளவில், அளந்து வைத்த மாதிரி வட்டமாக, புதுப் பொட்டு ஒன்று. விரலால் தொடப்போனேன். வழுவழுப்பாக ஏதோ பட்டது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். டீச்சர் முதலில் மரத்தின் மேல் கண்ணாடி டேப் ஒன்றைச் சதுரமாக வெட்டி ஒட்டி, அதன் மேல்தான் பொட்டை வைத்திருந்தார்.

டேப்பைக் கழற்றிவிடவா என்று கேட்டேன்.

“விடுங்கோ அக்கா. இண்டைக்குக் கம்பி மாத்தத்தான் வந்தனான்.”